கைப்பேசி விளம்பரம்: கீரைக்கும் நாற்றுக்கும் எவ்வளவு செலவிடலாம்?

விதைத்த 25 நாட்களில் முளைக்கீரை பறிப்புக்கு வந்துவிடும். ஒரு வாரம் தாமதித்தால் தண்டு முற்றி, இலை சிறுத்து, கேட்பாரற்றுப் போகும். ஆகவே அன்று வியாபாரி சொல்வதுதான் விலை. இது கீரை பயிரிடும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த கதை.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. மேனாம்பேடு போன்ற இடங்களை இன்று கிராமம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வயல் மனையாகிவிட்டது என்று வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மனைகளில் குடியேறியவர்கள் அனைவரும் தினமும் காய்கறி வாங்குபவர்கள் என்பதை மிஞ்சியிருக்கும் பத்து சென்ட், இருபது சென்ட்காரர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர் வாடிய கீரையைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். இங்கே பறிப்பவர் அதைப் பாதி விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்புவதாகச் சொல்லிக் கொண்டு இப்போது பலர் தொலைபேசியில் அழைக்கிறார்கள். "உங்கள் பண்ணையை இணையத்தில் முதலிடத்தில் காட்டுகிறோம், ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கட்டினால் போதும், இன்றே கட்டினால் தள்ளுபடி" என்பது அவர்கள் பேச்சு. பயிற்சி வகுப்புகளில் உரம், பூச்சி பற்றிய கேள்விகள் முடிந்ததும், "கட்டலாமா ஐயா?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. கட்ட வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பணம் ஒரு பருவத்தின் விதைக்கும் உரத்துக்கும் ஆகும். ஆனால் விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதம் 500 ரூபாயில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

பெயர்ப் பலகையும் தண்டோராவும்

இணைய விளம்பரம் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே சரக்கல்ல. ஒருவர் தன் கைப்பேசியில் "அருகில் செடி நாற்று எங்கே கிடைக்கும்" என்று தேடுகிறார். அவருக்குக் கூகுள் வரைபடத்தில் உங்கள் பண்ணை தெரிவது சாலையோரத்தில் பெயர்ப் பலகை வைத்ததற்குச் சமம். தேவை உள்ளவரே அதைப் பார்க்கிறார். வேறொருவர் பொழுது போகாமல் முகநூலையோ இன்ஸ்டாகிராமையோ தள்ளிக் கொண்டிருக்கிறார். நடுவே உங்கள் கீரைப் படம் வருகிறது. இது தெருவில் தண்டோரா போடுவது. காதில் விழும், ஆனால் எல்லோரும் நின்று கேட்க மாட்டார்கள். மூன்றாவது வகை ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் போன்ற தகவல் திரட்டுகள். மொத்தமாக வாங்குபவர், விற்பவரைத் தேடும் இடம் இவை. தென்னங்கன்று ஆயிரம் வைத்திருப்பவருக்கும், மண்புழு உரத்தை டன் கணக்கில் விற்பவருக்கும் பயன்படலாம். நாளுக்கு அறுபது கட்டுக் கீரை எடுப்பவருக்கு அங்கே வேலை இல்லை. நான்காவது, ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்வது. இதை விளம்பரம் என்று பலர் நினைப்பதில்லை. எனக்குக் கேட்டால் இதுதான் முதல் விளம்பரம்.

முதலில் காசில்லாத வேலை

கூகுள் வரைபடத்தில் பண்ணையைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் கிடையாது. இதை அடிக்கோடிட்டு வாசிக்கவும். பதிவு செய்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர், நீங்களே செய்து கொள்ளக் கூடிய வேலைக்குக் கூலி கேட்கிறார், அவ்வளவே. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடும். பண்ணையின் பெயர், தொழில் வகை, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பிறகு இடம் உண்மையில் உங்களுடையதுதானா என்று சரிபார்ப்பார்கள். இதற்குப் பெரும்பாலும் பண்ணையையும் பலகையையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். ஆகவே முன்னதாக ஒரு தகரப் பலகையாவது எழுதி மாட்டி வைப்பது நல்லது.

தொழில் வகையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. நாற்று விற்பவர் நாற்றுப் பண்ணை என்றுதான் போட வேண்டும். "விவசாயம்" என்று பொதுவாகப் போட்டால் செடி தேடுபவர் கண்ணில் படாது. வாடிக்கையாளர் வந்து போக இடமில்லை, வீடுகளுக்கு நீங்களே கொண்டு போய்க் கொடுக்கிறீர்கள் என்றால், முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிக்குக் கொடுப்பீர்கள் என்பதை மட்டும் காட்டும் வசதியும் உண்டு.

தேடுபவருக்கு யாரை முதலில் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று செய்திகளைப் பார்க்கிறது. கேட்ட பொருளோடு பொருத்தம், தூரம், ஊரறிந்த பெயர் ஆகியன அவை. இவற்றில் தூரம் சிறியவருக்குச் சாதகமானது. கள்ளிக்குப்பத்தில் இருந்து ஒருவர் தேடும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பெரிய பண்ணையைவிட மேனாம்பேட்டுப் பண்ணைக்கு முதலில் தெரிய வாய்ப்பு அதிகம். ஊரறிந்த பெயர் என்பது வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளால் வளர்வது. செடி வாங்கிச் செல்பவரிடம் "பிடித்திருந்தால் நாலு வரி எழுதுங்கள்" என்று வாயால் கேட்டால் போதும். காசு கொடுத்துக் கருத்து எழுத வைப்பது கூகுளின் விதிக்கு விரோதம். பொய்க் கருத்துகளை நீக்கிவிடுவார்கள். உண்மையான கருத்துகளுக்கும் பிறகு மதிப்பிருக்காது.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். 2018-இல் வந்த இச்செயலியும் இலவசமே. பொருள்களின் படத்தையும் விலையையும் பட்டியலாகப் போட்டு வைக்கலாம். வயலில் இருக்கும் நேரத்தில் வரும் செய்திக்குத் தானே பதில் போகும்படி செய்யலாம். ஒரே செய்தியை ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்த்து அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே கட்டு கொடுக்கும்போதே எண்ணைப் பதிந்து கொள்ளச் சொல்ல வேண்டும். வாரம் இரண்டு செய்தி போதும்: என்ன பறிக்கிறீர்கள், எப்போது, என்ன விலை. தினமும் காலை வணக்கமும் ரோஜாப் படமும் அனுப்பினால் எண்ணைத் தடை செய்துவிடுவார்கள்.

2020-ஆம் ஆண்டு மே மாதம் கொரோனாவினால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனதை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் மாதக் கடைசியில்தான் கோயம்பேடு மீண்டும் திறந்தது. காய்கறிக்குக் கைப்பேசியில் சொல்லி வைக்கும் பழக்கம் குடியிருப்புகளில் வலுப்பட்டது அந்தக் காலத்தில்தான். பழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் பலன் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்குப் போகிறது.

பணம் கட்டுவதானால்

மேற்சொன்ன இரண்டையும் செய்து ஒரு மாதம் பார்த்த பிறகே பணம் கட்டும் விளம்பரத்தை யோசிக்க வேண்டும். அடியுரம் இடாமல் மேலுரம் இடுவதில் பயனில்லை அல்லவா!

கூகுள் தேடல் விளம்பரத்தில், பார்த்ததற்குக் காசில்லை. உங்கள் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வந்தால்தான் காசு. தொடுகை ஒன்றுக்கு எவ்வளவு என்பது ஏலத்தில் முடிவாகிறது. நாளுக்கு 50 ரூபாய் என்று வரம்பு வைத்தால், ஒரு நாள் அது 100 ரூபாய் வரை போகக் கூடும். இதைக் கண்டு பதற வேண்டாம். மாதம் முழுவதற்கும் சேர்த்து நாள் வரம்பைப் போல 30.4 மடங்குக்கு மேல், அதாவது 1,520 ரூபாய்க்கு மேல் எடுக்க மாட்டார்கள். அதன் மேல் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம் தனி. 500 ரூபாய் என்று நினைத்தால் 590 ரூபாய் என்று கணக்கெழுதிக் கொள்ளுங்கள்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் தோப்பு மாம்பழத்துக்கு நான்தான் விளம்பரம் போட்டுக் கொடுத்தேன். ஊரை அம்பத்தூர் என்றே குறித்திருந்தேன். அழைத்தவர்களில் ஒருவர் மதுரை, இருவர் பெங்களூர்! பட்டம் வாங்கியவன் போட்ட விளம்பரம் இப்படி ஆகிவிட்டதே என்று வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகுதான் கவனித்தேன். இடத்தைக் குறிக்கும் அமைப்பில், "அந்த ஊரில் இருப்பவர்" என்பதோடு "அந்த ஊரில் அக்கறை உள்ளவர்" என்பதும் சேர்ந்தே தேர்வாகி இருக்கிறது. நாமாக அதை மாற்றி, இருப்பவர் மட்டும் என்று வைக்க வேண்டும். அதுபோலவே வேலை தேடுபவர், இலவசம் தேடுபவர், மனை தேடுபவர் ஆகியோருக்கு விளம்பரம் காட்ட வேண்டாம் என்று சொற்களைக் கொடுத்து விலக்கி வைக்கலாம். இது களையெடுப்பு. முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும்.

முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குத்தி, அதைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடலாம். படத்துக்குக் கீழே தெரியும் பொத்தானை அழுத்திப் பணம் கட்டுவது சுலபம். ஆனால் நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது. விருப்பக் குறி வேண்டும் என்று சொன்னால், விருப்பக் குறி போடும் பழக்கம் உள்ளவர்களாகத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்கள் கீரை வாங்குபவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி வர வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதே நமக்கு ஏற்றது. முந்நூறு பேர் கைதட்டுவதைவிட மூன்று பேர் விலை கேட்பது மேல்.

கீரைக்கு ஒரு கணக்கு, நாற்றுக்கு ஒரு கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கட்டுக்கு வியாபாரி 8 ரூபாய் தருகிறார், வீடுகளுக்கு 15 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று வைத்துக் கொள்வோம். வித்தியாசம் 7 ரூபாய். பெட்ரோலுக்கும் வாடி வீணாவதற்குமாக 2 ரூபாய் தள்ளினால் நிற்பது 5 ரூபாய். ஒரு வீடு வாரம் 4 கட்டு வாங்கினால் 20 ரூபாய். பன்னிரண்டு வாரம் தொடர்ந்து வாங்கினால் 240 ரூபாய். வரி உட்பட 590 ரூபாய் விளம்பரத்துக்கு 20 பேர் விசாரித்து, 8 பேர் வாங்கி, 3 பேர் நிலைத்தார்கள் என்போம். நிலைத்தவர்களால் 720 ரூபாய், ஒரு வாரத்தோடு நின்ற ஐவரால் 100 ரூபாய், ஆக 820 ரூபாய். செலவு போக மிச்சம் 230 ரூபாய்.

இதே எட்டு வீடுகளும் ஒரு திசைக்கு ஒன்றாகச் சிதறி இருந்தால் என்ன ஆகும்? போக்குவரத்துச் செலவு கட்டுக்கு 2 ரூபாய் என்பது 4 ரூபாயாகும். நிற்பது 3 ரூபாய்தான். மொத்தம் 492 ரூபாய் வரும். 590 செலவிட்டதற்கு 98 ரூபாய் நஷ்டம். விளம்பரம் நன்றாகத்தான் வேலை செய்தது. வட்டம்தான் பெரிது. ஆகவே கீரைக்காரர் வரைபடத்தில் வட்டம் போடும்போது, வாங்குபவர் எங்கெல்லாம் இருக்கிறார் என்று யோசிக்காமல், காலை எட்டு மணிக்குள் தன் வண்டி எங்கே போய்த் திரும்பும் என்று யோசிக்க வேண்டும். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வீடு பிடித்துவிட்டால் அதன் பிறகு விளம்பரமே தேவையில்லை. அதற்கு இணையத்தைக் காட்டிலும், குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பார்த்துப் பேசி, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவதே மலிவான வழி. செலவு தாளும் பசையும்தான்.

நாற்றுப் பண்ணைக்குக் கணக்கு வேறு. வாங்குபவர் தன் வண்டியில் வருகிறார், தூரம் அவர் செலவு. ஒருவர் சராசரி 250 ரூபாய்க்குச் செடியும் தொட்டியும் வாங்கி, அதில் 100 ரூபாய் நிற்குமானால், 590 ரூபாய்க்கு ஆறு பேர் வந்தாலே முதல் திரும்பிவிடும். வந்தவர் அடுத்த மழைக்கும் வருவார். எனவே தேடல் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதானால் நாற்று விற்பவர்தான் கட்டலாம். அதுவும் ஆண்டு முழுவதும் வேண்டியதில்லை. ஆடிப் பட்டத்துக்கு முன் பத்து நாள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் பத்து நாள் போதும். சித்திரை வெயிலில் செடி வாங்க யார் வருவார்? மாம்பழம், பொங்கல் மஞ்சள் கொத்து போன்றவற்றுக்கும் அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி, சரக்கு தீரும் நாளில் நிறுத்திவிட வேண்டும். சரக்கு இல்லாத நாளில் ஓடும் விளம்பரம் பணத்தையும் எடுக்கும், கேட்டு ஏமாந்தவரையும் திருப்பி அனுப்பும். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுபவருக்கு எந்த விளம்பரமும் வேண்டாம். பாலைக் கேட்டு ஆட்கள் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்கள்.

சோதனைப் பாத்தி

புதிய உரத்தைச் சோதிக்கும்போது ஒரு பாத்திக்கு இட்டு, பக்கத்துப் பாத்தியை இடாமல் விட்டு ஒப்பிடுகிறோம். விளம்பரத்துக்கும் இதுவே முறை. ஒரு வாரம் ஓட்டி, மறு வாரம் நிறுத்துங்கள். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பகுதி, எதைப் பார்த்து அழைத்தார், எவ்வளவுக்கு வாங்கினார், மறுபடி வந்தாரா என்று எழுதி வாருங்கள். நிறுத்திய வாரத்திலும் அதே அளவு அழைப்பு வந்தால், அது வரைபடத்தாலோ வாய்ச்சொல்லாலோ வந்தது. கட்டிய பணம் வீண். படத்தையும் விலையையும் வட்டத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் பலன் என்று தெரியாது. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

விளம்பர வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். உங்கள் பாத்தியில் காலை வெளிச்சத்தில் நீங்களே எடுத்த படம், கட்டின் விலை, பறிக்கும் நேரம், அடையாளத்துக்கு ஒரு கோவிலோ பள்ளியோ, இவை போதும். விலை எழுதக் கூச்சப்படுகிறார்கள். விலை இல்லாத விளம்பரத்துக்கு வீண் விசாரணையே அதிகம் வரும். அன்றன்றைய சந்தை விலையை உழவன் செயலியில் பார்த்து, அதை ஒட்டி உங்கள் விலையை வைக்கலாம்.

செய்யாததைச் சொல்லக் கூடாது. யூரியா இட்டுவிட்டு "முழுவதும் இயற்கை" என்று போடுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரமாகும். பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. சான்று பெற்றவர்கள் சான்று எண்ணைக் குறிப்பிடலாம். நாற்று விற்பவர்கள் விதை விற்பனை உரிமம் பெற்றிருக்கிறோமா என்பதையும், ஊறுகாய், எண்ணெய், தேன் போன்றவற்றை அடைத்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்பதையும் விளம்பரத்துக்கு முன்பே பார்த்துக் கொள்ள வேண்டும். ஊருக்கெல்லாம் எண்ணைத் தெரிவித்த பின் அதிகாரிக்கும் தெரியும்!

எண் வெளியே தெரிந்தால் ஏமாற்றுக்காரரும் அழைப்பார். "ஆவடி ராணுவக் குடியிருப்பிலிருந்து பேசுகிறேன், இருநூறு செடி வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தைப் படம் பிடித்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பது அவர்களுடைய பழைய வித்தை. ஆவடியில் உண்மையாகவே பாதுகாப்புத் துறையினர் இருப்பதால் இந்தப் பக்கத்தில் நம்பிவிடுகிறார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, பணம் கொடுப்பதற்குத்தான் தேவை. தவறிப் பணம் போய்விட்டால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

வரைபடப் பதிவிலோ, உரிமம் பற்றியோ ஐயம் இருப்பவர்கள் திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை வேலை நாட்களில் நேரில் அணுகிக் கேட்கலாம். போகும்போது அந்த நாற்பது பக்க நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லவும்.